மீன் தொட்டிக்கு வீட்டுப் புழு

நம்மவர் இல்லங்களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் பெருகி வருவது கண்கூடு. கொல்லையும் கிணறும் மாட்டுத் தொழுவமும் ஊரோடு நின்றுவிட்டன. கொல்கத்தாவின் அடுக்கு வீடுகளிலும், ஹௌரா, கரக்பூர் முதலிய இடங்களின் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் குடியிருக்கும் நமக்கு, ஓர் உயிர் பிறந்து வளர்வதைப் பிள்ளைகளுக்குக் கண்முன்னே காட்ட, இரண்டு முழ நீளத் தொட்டியைவிட எளிய வழி வேறில்லை. நாய் வளர்த்தால் அடுத்த வீட்டார் சண்டைக்கு வருவர். மீன் குரைப்பதில்லை.

ஆயின், வாங்கி வந்த மீனை உயிரோடு வைத்திருப்பது ஒன்று. அது ஈன்ற குஞ்சுகளை ஆளாக்குவது முற்றிலும் வேறொன்று. ஃபைட்டர் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டுவதையும், விழும் முட்டைகளை ஆண் மீன் வாயால் கவ்விக் கூட்டில் சேர்த்துவிட்டுக் காவல் நிற்பதையும் வீடே கூடி நின்று பார்க்கின்றது. ஓரிரு நாட்களில் முட்டை பொரிகின்றது. மேலும் இரண்டு மூன்று நாட்கள் சென்றால் குஞ்சுகள் தூசிபோல் நீந்தத் தொடங்குகின்றன. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை பையைக்கூட இறக்காமல் தொட்டியண்டை ஓடுகின்றது. ஒரு வாரம் கழிகின்றது. நூறாக இருந்தவை ஐம்பதாகி, ஐம்பது ஐந்தாகி, பின்னர் ஒன்றும் இல்லாமற் போகின்றன. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பர் சிலர். கண் பட்டுவிட்டது என்பர் சிலர். நாம் விசாரித்தறிந்தவரை, இவ்வாறு மாளும் குஞ்சுகளிற் பெரும்பாலானவை பட்டினியாலேயே மாள்கின்றன. உணவைத் தாராளமாகத் தூவியும் பட்டினி!

காரணம் எளிது. பொரிந்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையின் சத்தைக் கொண்டே வாழ்கின்றது. அது தீர்ந்ததும் இரை வேண்டும். கடையில் விற்கும் தூளை எத்துணை நுணுக்கினாலும் அக்குஞ்சின் வாய்க்கு அது பெரும்பாலும் பெரிதே. மேலும், அசையாத பொருள் ஒன்றை உணவென்று அறியும் அறிவு குஞ்சுக்கு இன்னும் வரவில்லை. எது நெளிகின்றதோ அதுவே இரை. தூவிய தூள் அடியில் படிந்து அழுகி, நீரைக் கெடுத்து, பசியோடிருக்கும் குஞ்சுக்கு நஞ்சையும் சேர்த்தளிக்கின்றது.

இதற்கு வியாபாரிகள் சொல்லும் பரிகாரம் சிவப்புப் புழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வட கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தைக்குச் சென்றவர்கள் அதனைக் கண்டிருப்பர். மயிரிழைபோன்ற செம்புழுக்கள் உருண்டை உருண்டையாகப் பின்னி நெளிந்துகொண்டிருக்கும். ட்யூபிபெக்ஸ் என்பது அதன் பெயர். இங்குள்ளோர் மண்புழுவைக் குறிக்கும் ‘கேஞ்சோ’ என்ற சொல்லாலேயே இதனையும் அழைக்கின்றனர். மீன்கள் இதனை ஆவலோடு உண்ணும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்புழு எங்கிருந்து வருகின்றது? உயிர்க்காற்று மிகக் குறைந்த சாக்கடைச் சேற்றில், தலையைச் சேற்றினுள் புதைத்து வாலை மேலே ஆட்டிக்கொண்டு வாழ்வது அதன் இயல்பு. அங்கே கிட்டும் சிறிதளவு உயிர்க்காற்றைப் பற்றிக்கொள்ளவே நம் குருதியில் உள்ளதைப் போன்ற செந்நிறப் பொருள் அதன் உடலில் அமைந்துள்ளது. சேற்றில் உள்ள கிருமியும் உலோக நஞ்சும் புழுவின் குடலோடு நம் தொட்டிக்கு வந்து சேர்கின்றன. டிரவுட், சால்மன் இன மீன்களைச் சுழன்று சுழன்று துடிக்கச் செய்யும் ஒரு நோயின் கிருமி, தன் வாழ்வின் ஒரு பகுதியை இப்புழுவின் உடலிலேயே கழிக்கின்றது என்பதை 1984-ஆம் ஆண்டில் வுல்ஃப், மார்க்கியூ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். அந்நோய் நம் தொட்டி மீன்களுக்கு உரியதன்று. ஆயினும் புழு நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

கழிவுநீர் என்றாலே நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. இந்நகரின் கிழக்கே உள்ள சதுப்பு ஏரிகளில், வெயிலும் பாசியும் கழிவுநீரைத் தூய்மை செய்ய, அதில் மீன் வளர்த்து ஊருக்கே உணவளிக்கின்றனர். 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற பெருமையும் அவ்வேரிகளுக்கு உண்டு. ஆனால் சாக்கடையிலிருந்து நேரே அள்ளப்படும் புழுவுக்கு அந்த வெயிலும் இல்லை, அவகாசமும் இல்லை. ஓடும் நீரில் சில நாட்கள் அலசி வைத்தால் ஓரளவு சுத்தமாகும். பகலில் இரண்டு வேளை மட்டும் குழாயில் நீர் வரும் குடியிருப்பில் அது நடக்கிற காரியமா? புழு விற்பவரைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. சேற்றில் நின்று அள்ளுவோரின் பாடு நமக்குத் தெரியும்.

வாளியில் தண்ணீரைத் திறந்து வைத்துக் கொசுப்புழு பிடிக்கும் அன்பர்களும் சிலர் உளர். அதனை அடியோடு விட்டுவிட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளே போதும். நாம் எடுக்க மறந்த ஒரு நாளில் கட்டடம் முழுவதும் அதன் விலையைக் கொடுக்க நேரும். கொசுவின் வழியே பறவை மலேரியா பரவுவதை 1898-ஆம் ஆண்டில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது இந்த ஊரில்தான். இந்த ஊரில் வாழும் நாம் வீட்டிலேயே கொசு வளர்ப்பது பொருந்துமா?

ஆகவே, வேறு புழுக்களை வீட்டிலேயே வளர்ப்பதே நன்று என்பது நம் கருத்து. "புழு வளர்ப்பதாவது, அதுவும் சமையலறைக்குப் பக்கத்திலா!" என்று இல்லத்தரசியர் முகம் சுளிப்பது நமக்குக் கேட்கின்றது. அவர்களுடைய சம்மதமின்றி இக்காரியம் ஒரு நாளும் நடவாது, நடக்கவும் கூடாது. எனவே அவர்களை நோக்கியே மேலே எழுதுகின்றோம். தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்க்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை. பதமான சூடு, சுத்தமான பாத்திரம், ஒரு கரண்டி உறை, பழையது புளிக்குமுன் புதியது போடுதல், இவ்வளவே இதன் சூத்திரம்.

நம் தட்பவெப்பத்துக்கும் நம் அறைகளின் அளவுக்கும் ஏற்றவை மூன்று. முதலாவது நுண்புழு, ஆங்கிலத்தில் மைக்ரோ வொர்ம் என்பர். ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை நீளம். பருமனோ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. முற்காலத்தில் புத்தகம் கட்டுவோரின் மாவுப் பசையில் இது தானே தோன்றக் கண்டனர். 1767-ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், ‘மீண்டும் உயிர்த்தது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை அப்பெயரோடு சேர்த்தார். கோப்புகளுக்கு மைதாப் பசை தடவிய அலுவலகங்களில் நம் முன்னோர் அறியாமலே இதனை வளர்த்திருப்பர் போலும்!

வளர்க்கும் முறை இது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், ஓட்ஸை அல்லது ரவையை நீரில் கெட்டியாகக் காய்ச்சி, விரற்கடை உயரத்துக்குப் பரப்புக. உப்பு அறவே கூடாது. ஆகையால் மீந்த உப்புமாவும் இட்லி மாவும் இதற்கு உதவா. கஞ்சி நன்றாக ஆறிய பின் ஒரு சிட்டிகை ஈஸ்டைத் தூவி, முன்பே வளர்த்தவரிடம் பெற்ற உறையில் ஒரு கரண்டியை நடுவில் இடுக. மூடியில் சில துளைகள் இட்டு, ஈ நுழையாதபடி பழைய வேட்டித் துணியை இடையில் வைத்து மூடிவிடுக. மூன்று முதல் ஐந்து நாட்களில் கஞ்சியின் மேற்பரப்பு பளபளவென்று நெளியும். புழுக்கள் டப்பாவின் சுவரில் ஏறிக் கோலமிட்டாற்போல் படர்ந்து நிற்கும். அச்சுவரை ஈரமான தூரிகையால் வழித்துச் சிறு கிண்ண நீரில் அலம்பி, அந்நீரைச் சொட்டுச் சொட்டாகக் குஞ்சுகளுக்கு விடுக. கஞ்சி தொட்டியில் விழவே கூடாது. இப்புழு முட்டையிடாமல் உயிருள்ள குட்டிகளையே ஈனும். தன் மூன்று வார வாழ்நாளில் ஒரு பெண்புழு ஏறத்தாழ முந்நூறு குட்டிகளை ஈனுமாம். எனவே பஞ்சம் என்பதே இல்லை. புளித்த வாடை மிகுந்து, கஞ்சி நீர்த்துப் பழுப்பாகும்போது அதன் காலம் முடிந்ததென்று கொள்க. குளிர்காலத்தில் மூன்று நான்கு வாரம் தாங்கும். வைகாசி, ஆனி மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை புதுக் கஞ்சியில் உறை மாற்றிவிடுவது நலம். ஒரு டப்பாவை மட்டும் நம்பியிராமல், வாரம் தள்ளி இரண்டு வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நுண்புழுவுக்கு ஒரு குறை உண்டு. நீரில் விட்டதும் அடியில் சென்று படியும். அரை நாளுக்கு மேல் உயிர் தாங்குவது அரிது. எனவே அளவாக, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை பகுத்து இடவேண்டும். அடித்தளத்தில் மேயும் குஞ்சுகளுக்கு இது சாலச் சிறந்தது. மேல்மட்டத்திலேயே திரியும் குஞ்சுகளுக்கு வேண்டியது இரண்டாவது வகையான வினிகர்ப் புழு.

ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட தம் நுண்காட்டி நூலில் இதனை வரைந்து விவரித்திருக்கின்றார். அக்காலத்தில் வினிகரில் இது தானே இருப்பது வழக்கம். இன்று ஆலையில் வடிகட்டிக் காய்ச்சி அடைப்பதால் கடைச் சீசாவில் காண்பதில்லை. ஆப்பிள் வினிகரும் நீரும் சரிபாதியாகச் சேர்த்து, ஆப்பிள் துண்டு ஒன்றையும் போட்டு, உறையை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி அலமாரி மூலையில் வைத்துவிட்டால் போதும். பெருகச் சில வாரங்கள் ஆகும். பெருகிய பின் மாதக்கணக்கில் அதனைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எடுப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. நீண்ட கழுத்துடைய சீசாவில் கழுத்தின் அடிவரை புழு நீரை ஊற்றி, பஞ்சைத் திணித்து, அதன்மேல் நல்ல நீரை ஊற்றிவைத்தால், காற்றை நாடும் புழுக்கள் ஓரிரவில் பஞ்சின் ஊடே ஏறி நல்ல நீருக்கு வந்துவிடும். வினிகர் கீழேயே தங்கும். மருந்து சொட்டும் குழாயால் மேல்நீரை எடுத்துத் தொட்டியில் விடவேண்டியதே. தொட்டி நீரிலும் பல நாட்கள் உயிரோடு நீந்தும்.

இவ்விரண்டு புழுக்களும் வங்காளத்து நீர்நிலைகளில் பிறந்த மீன்களுக்கே பெரிதும் பயன்படுவது ஒரு பொருத்தம். நாம் கடையில் வண்ண மீன் என்று வாங்கும் வரிக்குதிரை டானியோவும் குள்ள குராமியும் எங்கோ கடல் கடந்து வந்தவை அல்ல. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை வகித்த ஃபிரான்சிஸ் ஹாமில்ட்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இவ்விரண்டையும் விவரித்துள்ளார். குராமிக் குஞ்சு மிகமிகச் சிறியது. முதற் சில நாட்களுக்கு, கோசு இலையை ஊறவைத்த நீரில் தோன்றும் நுண்ணுயிர்களைத் தந்து, அதன் பின்னரே புழுவுக்கு வரவேண்டும். குஞ்சை வளர்த்தெடுப்பதில் கைதேர்ந்தவரின் திறமை அந்த ஒரு வாரத்தில்தான் வெளிப்படும்.

மூன்றாவது, வளர்ந்த மீனுக்கும் ஓரளவு பெருத்த குஞ்சுக்கும் உரிய கிரிண்டால் புழு. வெண்மையானது, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுடையது, மண்புழுவின் இனம். சுவீடன் நாட்டில் மீன் வளர்த்த கிரிண்டால் அம்மையார் என்பவர் இதனைத் தனியே வளர்த்துக் காட்டியதால் அவர் பெயரே நிலைத்தது. புழு வளர்ப்பது பெண்களுக்குப் பிடிக்காத வேலை என்பாரிடம் இதனைச் சொல்லுக! ஆங்கிலப் புத்தகங்கள் இதைவிடப் பெரிதான வெண்புழுவைப் புகழும். அதற்கு வேண்டிய குளிர்ச்சி 20 டிகிரிக்கும் கீழ். மேனாட்டார் நிலவறையில் வளர்ப்பர். நமக்கு நிலவறை ஏது? டார்ஜிலிங்கில் பணிபுரியும் அன்பர் எவரேனும் முயன்று பார்க்கலாம். சமவெளியில் வாழும் நமக்குக் கிரிண்டால் புழுவே கதி. அதுவும் 20 முதல் 26 டிகிரி வரை செழித்து, 30-ஐத் தாண்டினால் வாடும்.

இதற்குப் படுக்கை, தேங்காய் நார்த்தூள். கட்டியாக விற்பதை வாங்கி, அதில் உள்ள உப்புப் போகும்வரை பலமுறை அலசிப் பிழிந்து, இரண்டு அங்குலம் நிரப்புக. கையால் அழுத்தினால் ஓரிரு துளி நீர் கசியும் ஈரம் போதும். உறையை இட்டு, நுணுக்கிய ஓட்ஸில் அல்லது மீன் தூளில் ஒரு சிட்டிகையை மேலே தூவி, அதன்மீது சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைப் படுக்கவைக்கவும். உணவை நாடிவரும் புழுக்கள் கண்ணாடியின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதனை எடுத்துத் தொட்டி நீரில் ஒருமுறை அலம்பினால் வேலை முடிந்தது. முதல் மூன்று நான்கு வாரம் எடுக்காமல் பெருக விடுக. மறுநாளும் உணவு மீந்திருந்தால் அளவு மிகுதி என்று அறிந்து, பூஞ்சை படியுமுன் அகற்றுக. எறும்பு வந்தால், நெய்ப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் தண்ணீர்த் தட்டின் நடுவே பெட்டியை வைக்கலாம். நுண்ணிய சிற்றுண்ணிகள் தோன்றினால், பெட்டி நிறைய நீரூற்றிச் சிறிது நேரம் விடுக. உண்ணிகள் மேலே மிதக்கும், புழு மடியாது, நீரைச் சாய்த்துவிடலாம். இப்புழுவில் கொழுப்பு மிகுதி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தந்தால் போதும். நாள்தோறும் தந்தால் மீன் கொழுத்து மலடாகும். தீபாவளிப் பட்சணத்தையே ஆண்டு முழுவதும் உண்பார் உண்டோ?

கோடைதான் பெருஞ்சோதனை. நாக்பூரிலும் தில்லியிலும் உள்ள நம்மவர், அகன்ற மண்சட்டியில் ஈர மணலிட்டு அதனுள் பெட்டியை வைத்தால் பானைத் தண்ணீர்போல் குளிரும். கொல்கத்தாவின் புழுக்கத்தில் மண்பானை தோற்றுவிடுகின்றது. ஈரக் காற்றில் ஈரம் உலர்வதில்லை அல்லவா? இங்கே தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பனியுறைந்த நீர்ச் சீசா ஒன்றை நாள்தோறும் மாற்றி வைப்பதே வழி. பெட்டியைத் தரையோரமாக, மேற்கு வெயில் படாத சுவரண்டை வைக்கவேண்டும்.

இனி, தாய்மார் கேட்கும் கேள்வி: குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சி வாராதா? நுண்புழுவும் வினிகர்ப் புழுவும் வயிற்றுப் பூச்சியின் தூரத்து உறவினமே. எனினும் அவை தனித்து வாழ்பவை; மனித உடலில் குடியேறுவன அல்ல. ஆயினும் கரண்டி, கிண்ணம் ஆகியவற்றைத் தனியே வைப்பதும், தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

சைவ இல்லத்தார் சிலர் கேட்பது வேறு. ஓர் உயிரை வளர்த்து இன்னோர் உயிருக்கு இரையாக இடுவது தகுமா? இதனை ஏளனம் செய்ய நாம் ஒருப்படோம். அவ்வாறு மனம் ஒப்பாதவர் பாசியையும் வேகவைத்த பட்டாணியையும் விரும்பும் மோலி போன்ற மீன்களோடு நின்றுகொள்வது நேர்மையானது. ஆனால், கடைத் தூள் இட்டால் பாவமில்லை என்று எண்ணுவோர் அந்த டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படிக்கவேண்டும். அதன் முதற்பொருள் பெரும்பாலும் மீன்மாவே. ஃபைட்டரை வாங்கி வந்த அன்றே அந்த வழக்கு முடிந்துவிட்டது.

கணக்கு எழுதும் தொழிலில் உள்ள நாம் செலவையும் பாராமல் விடுவதற்கில்லை. ஒரு டப்பா நுண்புழுவுக்கு இரண்டு பிடி ஓட்ஸ் செல்லும். வெளிநாட்டு உப்பேரிகளிலிருந்து வரும் ஆர்டீமியா முட்டை குஞ்சுகளுக்கு இதனினும் சத்துடையது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அதன் ஒரு டப்பா விலையில் மாத ஓட்ஸை வாங்கிவிடலாம். இயன்றவர் அதனையும் வாங்கிக் கலந்து இடுக.

நம்மைப்போல் ஆண்டுக்கொருமுறை பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவோர்க்கு மற்றொரு கவலை உண்டு. ஒரு மாதம் வீட்டைப் பூட்டினால் நுண்புழு அழிந்துவிடும். கிரிண்டால் புழு ஈரம் வற்றி மாளும். வினிகர்ப் புழு மட்டும் நாம் திரும்பும்வரை அப்படியே இருக்கும். மற்ற இரண்டையும் அண்டை வீட்டில் ஒரு கரண்டி கொடுத்துவிட்டுப் போகவேண்டும். உறைமோர் தீர்ந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல், திரும்பி வந்ததும் அவர்களிடமே பெற்றுக்கொள்ளலாம். ஒரே கட்டடத்தில் மூன்று வீடுகள் வளர்த்தால் புழுவும் அழியாது, பேச்சும் நின்றுபோகாது. சென்னைக்குச் செல்வோர், வண்ண மீன் வளர்ப்பு வீட்டுத் தொழிலாகவே நடக்கும் கொளத்தூருக்குச் சென்று விசாரித்தால் உறை கிட்டக்கூடும். ஒரு நாளுக்கு மேற்பட்ட ரயில் பயணத்தை நுண்புழு தாங்கும். சீசாவில் பாதிக்குமேல் நிரப்பாமல், காற்றுக்கு இடம் விட்டு, சன்னலோர வெயில் படாமல் பைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

உள்ளூரிலேயே உறை வேண்டுவோர், நம் சங்க நூல்நிலையம் திறந்திருக்கும் மாலை வேளையில் நம்மைக் காணலாம். நுண்புழுவும் வினிகர்ப் புழுவும் இப்போதே தர இயலும். கிரிண்டால் புழு ஐப்பசி பிறந்து சற்றுக் குளிர்ந்த பின்னர். விலை இல்லை. வாயகன்ற சிறு சீசாவை உப்பும் ஊறுகாய் வாடையும் போகக் கழுவி, மூடியில் ஊசியால் இரண்டு துளை இட்டுக் கொண்டுவருக.